வருகைப் பதிவேட்டில் தெரியாத நோய்கள்: வாசகர் கேள்வி – பதில்

வேலை செய்யும் இடத்தில் உடல்நலம் பற்றி வந்த கேள்விகளுக்கு, தொழில்சார் மருத்துவமும் பணியிட அமைப்பும் தெரிந்தவர்கள் இங்கே பதில் சொல்கிறார்கள். கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு, செய்யும் வேலையை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம். மருந்து எதையும் தொடங்கவோ நிறுத்தவோ உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஆலையில் வருகை 96 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை. ஆனாலும் நான்கு மாதமாக உற்பத்தி இறங்கிக்கொண்டே வருகிறது, மறுவேலைக்குத் திரும்பும் பொருளும் கூடியிருக்கிறது. இயந்திரங்களில் பழுது இல்லை. ஆட்களின் உடல்நலம்தான் காரணமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? — உற்பத்தி மேலாளர்

பதில்: ஆள் வந்தாரா இல்லையா என்பதை மட்டும்தான் வருகைப் பதிவேடு சொல்லும். வலியோடும் தூக்கக் கலக்கத்தோடும் வந்து உட்கார்ந்திருப்பவரால் ஏற்படும் இழப்பு அதில் ஏறாது. பல நோய்களில் அதுதான் பெரிய இழப்பு. நெதர்லாந்தில் 32,748 பெண்களிடம் மாதவிடாய்த் தொல்லைகள் பற்றிக் கேட்டறிந்த ஆய்வு ஒன்று 2019-ல் வெளியானது. அதன்படி ஒரு பெண்ணுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 8.9 நாள் வேலை அல்லது படிப்பு கெடுகிறது. அதில் லீவு போட்டது 1.3 நாள்தான். மீதி முழுவதும் வந்து உட்கார்ந்தபடியே போனது.

கணக்கிடுவதற்குப் பல நாடுகளில் பயன்படும் எளிய வினாத்தாள் ஒன்று உண்டு. கடந்த 7 நாளைப் பற்றி மூன்று விஷயம் கேட்டால் போதும்: உடல்நலக் குறைவால் எத்தனை மணி நேரம் வரவில்லை, எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள், வேலை செய்தபோது உடல்நலம் எவ்வளவு தடையாக இருந்தது (0 என்றால் தடையே இல்லை, 10 என்றால் வேலையே ஓடவில்லை). ஒருவர் 4 மணி நேரம் வரவில்லை, 44 மணி நேரம் வேலை செய்தார், தடைக்கு 3 மதிப்பெண் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். வராத நேரம் 48-ல் 4, அதாவது 8.3 சதவீதம். வந்த 91.7 சதவீதத்தில் பத்துக்கு மூன்று பங்கு போனது 27.5 சதவீதம். ஆக மொத்தம் கிட்டத்தட்ட 36 சதவீதம். பதிவேட்டில் 4 மணி நேரம்தான் தெரியும். இயந்திரத்தின் முன்னால் இருந்தபடியே போனது 13 மணி நேரத்துக்கும் மேல்.

வினாத்தாளில் பெயர் கேட்காதீர்கள். ஊக்கத்தொகையோடும் சம்பள உயர்வோடும் முடிச்சுப் போடாதீர்கள். போட்டால் எல்லோரும் 0 என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்து, உற்பத்தியை மணிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். எந்த நேரத்தில் சரிகிறது என்பதே பாதி நோயைக் காட்டிக்கொடுக்கும். ரத்தசோகை உள்ளவர்கள் ஷிப்ட்டின் பிற்பாதியில் தளர்வார்கள். பார்வைக் குறை இருந்தால் வெளிச்சம் குறையும் நேரத்தில் பிழை கூடும். வெப்பம் என்றால் பிற்பகலில். தூசியாலோ ரசாயனத்தாலோ வரும் ஆஸ்துமா வார இறுதியை நெருங்க நெருங்க மோசமாகி, விடுமுறை கழிந்து வரும் நாளில் தெளிவாக இருக்கும். ஒரு நாள் லீவு போட்டாலே முழுத் தொகையும் போய்விடும் வருகை போனஸ் உங்கள் ஆலையில் இருந்தால் அதை மாற்றுங்கள். நோயாளிகளை வேலைக்கு இழுத்துவருவதே அதுதான்.

கேள்வி: வயது 31. தையல் இயந்திரத்தில் வேலை. மதியத்துக்கு மேல் கால் கனத்துப்போகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 9.2 இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். வயிற்றைப் புரட்டியதால் பத்தே நாளில் நிறுத்திவிட்டேன். சாப்பாட்டிலேயே சரிசெய்ய முடியாதா?

பதில்: 9.2-ஐச் சாப்பாட்டால் மட்டும் ஏற்றுவது மிகவும் கடினம். கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 8 முதல் 10.9 வரை நடுத்தர வகை. நீங்கள் அதில் இருக்கிறீர்கள். தசைக்குப் போக வேண்டிய ஆக்சிஜன் குறைவதால் அதே வேலைக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. காலையில் சமாளிக்கும் உடல் மதியத்துக்கு மேல் ஓய்ந்துபோவது இதனால்தான். உங்களைச் சோம்பேறி என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். 1970-களில் இந்தோனேசியாவில் ரப்பர் பால் எடுப்பவர்களிடமும் இலங்கையில் தேயிலை பறிக்கும் பெண்களிடமும் நடந்த ஆய்வுகளில், ரத்தசோகை உள்ளவர்களுக்கு இரும்புச்சத்து கொடுத்ததுமே அவர்கள் சேகரித்த அளவு கூடியது.

மாத்திரை அட்டையில் மருந்தின் எடை ஒன்று, அதிலுள்ள இரும்பின் அளவு வேறொன்று. ஃபெரஸ் சல்பேட் 200 மில்லிகிராமில் இரும்பு ஏறக்குறைய 65 மில்லிகிராம்தான். மருத்துவரிடம் பேசும்போது இந்த இரண்டாவது எண்ணைச் சொல்லுங்கள். ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, அடுத்த ஒரு நாளுக்கு இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மாத்திரை போடும் முறையை இப்போது பல மருத்துவர்கள் ஏற்கிறார்கள். வயிற்றுத் தொல்லையும் குறையும். உங்களுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள்.

வெறும் வயிற்றில் போட்டால் நன்றாகச் சேரும். குமட்டினால் சாப்பாட்டோடு போடுங்கள். உறிஞ்சப்படும் அளவு கொஞ்சம் குறையும், ஆனால் நிறுத்திவிடுவதைவிட அது எவ்வளவோ மேல். டீ, காபியை மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பும் இரண்டு மணி நேரம் பின்பும் தவிருங்கள். கால்சியம் மாத்திரை, அசிடிட்டி மருந்து ஆகியவற்றை வேறு வேளைக்குத் தள்ளுங்கள். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் நடுவில் நான்கு மணி நேரம் விட வேண்டும். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம்.

நான்கு வாரம் கழித்து ரத்தம் பாருங்கள். ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரை ஒழுங்காகப் போடவில்லை, எங்கோ ரத்தம் போகிறது, குடல் உறிஞ்சவில்லை, அல்லது இது இரும்புக் குறையே இல்லாமல் தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்த நோய்) போன்ற வேறொன்று. எண் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். பலர் அவசரப்பட்டு நிறுத்துவது இங்கேதான், உடலின் சேமிப்பு நிரம்பாததால் ஆறு மாதத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடுவார்கள். மாதவிடாய் 7 நாளுக்கு மேல் நீண்டாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ மகளிர் மருத்துவரைப் பாருங்கள். அதை விட்டுவிட்டு இரும்பு மட்டும் கொடுத்துப் பயனில்லை. ஆண்களுக்கு 13-க்குக் கீழே இருந்தால் வயிற்றிலோ குடலிலோ ரத்தக்கசிவு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இந்த மாத்திரையைப் பூட்டி வையுங்கள். நாலைந்து சேர்த்து விழுங்கினால் அவர்களுக்கு அது விஷம்.

கேள்வி: தரப் பரிசோதனைப் பிரிவில் 45 வயதைத் தாண்டிய, அனுபவமுள்ள ஆட்களே இப்போது அதிகம் தவறவிடுகிறார்கள். வேகமும் குறைந்திருக்கிறது. அவர்களை வேறு பிரிவுக்கு மாற்றலாமா?

பதில்: மாற்றுவதற்கு முன்னால் கண்ணைப் பரிசோதியுங்கள். நாற்பதைத் தாண்டியதும் கண்ணின் லென்ஸ் இறுகி, கிட்டத்தில் இருப்பது மங்கும். வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும். மெதுவாக வருவதால் பலருக்குத் தனக்கு வந்திருப்பதே தெரியாது. பொருளைக் கையில் தள்ளிப் பிடிப்பார்கள், ஒரே இடத்தை இரண்டு தடவை பார்ப்பார்கள். அசாமில் 40 வயதைத் தாண்டிய தேயிலைத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் கிட்டத்தில் இருப்பதைப் பார்ப்பதற்கான கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் வெளியான அந்த ஆய்வில், கண்ணாடி பெற்றவர்களின் உற்பத்தி மற்றவர்களைவிட 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. இவ்வளவு சின்னச் செலவில் இவ்வளவு பலன் தரும் வேறு மருத்துவ உதவி அதிகம் இல்லை.

பெரும்பாலான இடங்களில் தவறு நடப்பது தூரத்தில்தான். கடையில் கொடுக்கும் கண்ணாடி, புத்தகம் படிக்கும் 40 சென்டிமீட்டருக்குக் கணக்கிடப்பட்டது. அந்த தூரத்தில் தெளிவாகப் பார்க்கக் கண்ணுக்கு 2.5 டயாப்டர் (லென்ஸ் திறனின் அலகு) திறன் தேவை; 50 சென்டிமீட்டருக்கு 2; 66 சென்டிமீட்டருக்கு 1.5 போதும். உங்கள் ஆள் 65 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் திரையைப் பார்ப்பவர் என்றால், புத்தகக் கண்ணாடி போட்டதும் திரை மங்கும். அவர் கழுத்தை நீட்டி முன்னால் சாய்வார், மாலையில் கழுத்து வலிக்கும், மறுநாள் கண்ணாடி மேசை அறைக்குள் போய்விடும். எனவே வழக்கமாக உட்காரும் நிலையில் கண்ணிலிருந்து பொருள் வரை டேப் வைத்து அளந்து, அந்த எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். பைஃபோக்கல் போட்டவர்கள் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்க்கத் தாடையைத் தூக்குவார்கள்; அவர்களுக்கு வேலைக்கென்று ஒரே திறனுள்ள தனிக் கண்ணாடி நல்லது.

வெளிச்சத்தையும் பாருங்கள். சாதாரண மேசை வேலைக்கு 500 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு), நுணுக்கமாகப் பிழை தேடும் இடத்துக்கு 1000 லக்ஸ் வேண்டும். அறுபது வயதுக் கண்ணின் உள்ளே போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக் கண்ணில் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். விளக்கு பொருளின் மேல் பக்கவாட்டில் விழ வேண்டும், கண்ணில் கூசக் கூடாது. யாருக்காவது திடீரென்று மின்னல் வெட்டுவது போல் தெரிந்தாலோ ஒரு பக்கம் திரை விழுந்தது போல் மறைந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

கேள்வி: கிடங்கில் ஆறு பேர். பெட்டி ஒன்று 18 கிலோதான். நான்கு பேருக்கு இடுப்புவலி. எல்லோருக்கும் இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: பெல்ட்டுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். வலி இல்லாதவருக்கு அது வலி வராமல் காக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. பெட்டி எங்கே இருக்கிறது என்பதை மாற்றுங்கள்.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் தந்த சூத்திரம் ஒன்று உண்டு. எல்லாம் சாதகமாக இருக்கும்போது தூக்கத்தக்க எடை 23 கிலோ. நிலைமை கெடக் கெட அதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கணுக்காலுக்கு நேராக, உடலிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள் பெட்டி இருந்தால் குறைப்பு இல்லை. 50 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் பாதியாகிவிடும்: 11.5 கிலோ. அது தரையில் கிடந்தால் 0.775-ஆல் பெருக்க வேண்டும்: 8.9. அங்கிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் 0.88: 7.8. தூக்கியபடி இடுப்பை 45 டிகிரி திருப்பினால் 0.856: 6.7 கிலோ. உங்கள் 18 கிலோ பெட்டி இந்த அளவைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். எத்தனை தடவை தூக்குகிறார்கள் என்பதை இன்னும் சேர்க்கவே இல்லை.

அதே பெட்டியை 75 சென்டிமீட்டர் உயர மேடையில், உடலுக்கு 30 சென்டிமீட்டரில், திரும்பாமல் எடுத்தால் 19 கிலோ வரை போகலாம். காலிப் பேலட்டுகளை (சரக்கு வைக்கும் தட்டுகளை) அடுக்கி அதன்மேல் சரக்கை வைப்பதும், வண்டியை ஆளின் நேர் எதிரே நிறுத்துவதும் ஒரே நாளில் செய்யக்கூடியவை. ஆனால் நிமிடத்துக்கு ஒரு பெட்டி வீதம் 8 மணி நேரமும் தூக்குவதானால் 0.75-ஆல் பெருக்க வேண்டும், 14.4 கிலோ ஆகிவிடும். அப்போது பெட்டியின் எடையையே குறைக்கச் சொல்ல வேண்டும், அல்லது ஆட்களை மாற்றி மாற்றி விட வேண்டும்.

வலி வந்தவரைப் படுக்கையில் போடாதீர்கள். நடமாடிக்கொண்டு, குனிந்து தூக்காத வேலை செய்தால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தணியும். ஓய்வில் கிடந்தால் தசை தளர்ந்து, திரும்பி வர நாளாகும். கால் வலுவிழப்பது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

கேள்வி: கணினி முன்னால் வேலை. வாரத்தில் நாலு நாளாவது தலைவலி. ஒவ்வொரு தடவையும் மாத்திரை போட்டுத்தான் வேலையை முடிக்கிறேன். முன்பு ஒன்று போதும், இப்போது இரண்டு தேவைப்படுகிறது.

பதில்: மாத்திரையே தலைவலியைத் தொடரச் செய்யும் நிலைக்கு நீங்கள் வந்திருக்கக்கூடும். பாராசிட்டமால், ஐப்யூபுரோஃபென் போன்ற சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளுக்கு மேல் போட்டாலும், கூட்டு மாத்திரைகளையோ ஒற்றைத் தலைவலிக்கான ட்ரிப்டான் வகையையோ 10 நாளுக்கு மேல் போட்டாலும், மூன்று மாதத்தைத் தாண்டும்போது இது நடக்கிறது. நான்கு வாரம் நாட்குறிப்பு எழுதுங்கள்: தொடங்கிய நேரம், எத்தனை மணி நேரம், ஒரு பக்கமா, குமட்டலா, வெளிச்சம் பிடிக்கவில்லையா, முந்தின இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், போட்ட மாத்திரை. அதை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒற்றைத் தலைவலி மாதத்தில் நாலைந்து நாளுக்கு மேல் வந்தால், வராமல் தடுக்கத் தினசரி மருந்து உண்டு. வலி மாத்திரையை நிறுத்தியதும் முதல் ஒன்றிரண்டு வாரம் தலைவலி கூடும். அந்த நாட்களில் முக்கியமான வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். இதுவரை வராத கடுமையில் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் தலைவலி வந்தால் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கேள்வி: இரவு ஷிப்ட்டில் 3 மணிக்கு மேல் தவறுகள் குவிகின்றன. எல்லோரும் இளைஞர்கள். மிரட்டியும் பார்த்தோம், டீ கொடுத்தும் பார்த்தோம். — ஷிப்ட் பொறுப்பாளர்

பதில்: 3 மணி முதல் 5 மணி வரை உடலின் வெப்பநிலையும் விழிப்பும் மிகவும் இறங்கியிருக்கும். மிரட்டலால் அதை ஏற்ற முடியாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவருடையதற்கு நெருக்கமாக இறங்குகிறது. 24 மணி நேரமானால் 0.10. பகலில் தூங்காமல் ஷிப்ட்டுக்கு வந்தவர் விடியற்காலையில் இந்த நிலையில்தான் இயந்திரத்தை இயக்குகிறார்.

2 மணி வாக்கில் 20 நிமிடக் குட்டித் தூக்கத்தை முறைப்படி அனுமதியுங்கள், ஆள் மாற்றி ஆள். அரை மணி நேரத்தைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் எழுப்ப வேண்டிவரும், தலை கிறுகிறுக்கும். எழுந்ததும் 15 நிமிடம் ஆபத்தில்லாத வேலை கொடுங்கள். டீயும் காபியும் ஷிப்ட்டின் முதல் பாதியோடு நிற்கட்டும். படுக்கப் போவதற்கு 6 மணி நேரத்துக்கு முன் குடித்த காபிகூடத் தூக்கத்தைக் குறைக்கும். இயந்திரத்தின் டை (வார்ப்பு அச்சு) மாற்றுவது, ரசாயனம் கலப்பது, எண்ணிக்கை சரிபார்ப்பது போன்றவற்றை 3 மணிக்கு முன்பே முடியுங்கள். ஷிப்ட் சுற்று காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிப் போகட்டும். பின்னோக்கிப் போனால் உடலால் ஈடுகொடுக்க முடியாது. இரண்டு ஷிப்ட்டுக்கு நடுவில் 11 மணி நேரம் வேண்டும்.

ஏழு மணி நேரம் தூங்கியும் யாராவது பகலில் சாய்ந்து சாய்ந்து விழுந்தால், பலமாகக் குறட்டை விட்டால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டார் சொன்னால், அது தூக்கத்தில் மூச்சடைப்பு நோயாக இருக்கலாம். தூக்கப் பரிசோதனை செய்து காற்றழுத்தக் கருவி பொருத்தினால் ஆளே மாறிவிடுவார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் என்றால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: காய்ச்சலோடு வருபவரைத் திருப்பி அனுப்பினால் வேலை நிற்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு வேலை செய்யட்டுமே?

பதில்: ஃப்ளூ வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்து, தெரிந்த பின் ஐந்து முதல் ஏழு நாள் வரை மற்றவர்களுக்குப் பரப்புவார். ஒருவரை நிறுத்தி வைத்தால் ஒரு இடம் காலி. வைத்துக்கொண்டால் அடுத்த வாரம் பல இடங்கள் காலியாகலாம். மாத்திரை இல்லாமலே காய்ச்சல் 24 மணி நேரம் வராமலிருந்தால் திரும்பலாம். உணவு கையாள்பவருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால், நின்ற பிறகும் 48 மணி நேரம் வரக் கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றில் குளோர்ஃபெனிரமின் இருக்கிறது. அது தூக்கம் வரவழைக்கும். போட்டுக்கொண்டு இயந்திரத்தையோ வண்டியையோ தொடக் கூடாது.

கேள்வி: வெயிலில் கட்டுமான வேலை. தண்ணீர் தாராளமாக வைத்திருக்கிறோம். ஆனாலும் புதிதாக வருபவர்கள் முதல் வாரத்திலேயே மயங்கி விழுகிறார்கள்.

பதில்: புதியவர்களின் உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். வியர்வை சீக்கிரம் தொடங்குவது, அதில் உப்பு குறைவாகப் போவது, ரத்தத்தின் நீர் அளவு கூடுவது எல்லாம் அந்த நாட்களில்தான் நடக்கும். புதியவருக்கு முதல் நாள் வெயில் வேலை 20 சதவீதம் மட்டும். ஒவ்வொரு நாளும் 20 சதவீதம் கூட்டுங்கள். பழையவர் நீண்ட லீவு கழித்து வந்தால் முதல் நாள் 50, அடுத்து 60, 80, நான்காம் நாள் 100. முதல் நாளே முழு ஷிப்ட் கொடுப்பதுதான் உங்கள் இடத்தில் ஆளை விழவைக்கிறது.

தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, குடிக்க நேரமும் வேண்டும். 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர், அதாவது 240 மில்லி. தாகத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தொடவும் கூடாது. ரத்தத்தில் சோடியம் இறங்கி அதுவே ஆபத்தாகும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வியர்த்தால் உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் தேவை. உப்பு மாத்திரை வேண்டாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2019 அறிக்கைப்படி, நடுத்தர உழைப்பில் இருப்பவர் 33, 34 டிகிரியிலேயே வேலைத்திறனில் பாதியை இழக்கிறார். கடின வேலையைக் காலையில் முடிப்பதால் உங்களுக்கு நஷ்டமே இல்லை.

பேச்சு உளறினாலோ, சொன்னது புரியாமல் விழித்தாலோ அது ஹீட் ஸ்ட்ரோக். வியர்த்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வேலை செய்யும்போது வருவதில் வியர்வை இருக்கவும் செய்யும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும் வரை நிழலில் கிடத்தி உடல் முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கேள்வி: கழிப்பறை தூரம், போய்வர அனுமதி கேட்க வேண்டும். அதனால் எங்கள் பிரிவுப் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது.

பதில்: இது மாத்திரையால் மட்டும் தீராது. சிறுநீரை அடக்குவதும் தண்ணீர் குறைப்பதும் கிருமி பெருக இடம் கொடுக்கின்றன. அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் பெண்கள் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகத் தண்ணீர் குடித்தபோது, திரும்ப வருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அனுமதி கேட்கும் முறையை எடுத்துவிட்டு, வரிசைக்கு ஒரு மாற்று ஆளை வைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். ஒருவர் ஐந்து நிமிடம் எழுந்து போவதை மிச்சம் பிடித்து, அவருடைய இரண்டு நாள் வேலையை இழக்கிறார்கள். எரிச்சலோடு காய்ச்சல், நடுக்கம், விலாவில் வலி சேர்ந்தால் கிருமி சிறுநீரகத்துக்குப் போயிருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் குழுவில் மிக நன்றாக வேலை செய்தவர் ஒருவர் ஆறு வாரமாக எதையும் முடிப்பதில்லை. யாரிடமும் பேசுவதில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. — குழுத் தலைவர்

பதில்: கடிதத்துக்கு முன் பேசுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் தாழ்ந்தோ எதிலும் ஈடுபாடு இல்லாமலோ இருந்து, தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மனச்சோர்வு நோயைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நோயில் கவனமும் முடிவெடுக்கும் திறனும் அடிபடுகின்றன. ஒரே மின்னஞ்சலை மூன்று தடவை படித்தும் மனதில் ஏறாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அலட்சியமாகத் தெரியும். மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்களை இழப்பதாக உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2022-ல் சொல்லியிருக்கின்றன.

தனியாக, கதவு சாத்திய அறையில், அவசரமில்லாத நேரத்தில் பேசுங்கள். நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: “மூன்று வாரமாக அறிக்கை தாமதமாகிறது, மதியம் சாப்பிடவும் வருவதில்லை. எனக்குக் கவலையாக இருக்கிறது. தூக்கம் எப்படி இருக்கிறது?” பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். நோயின் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள், “தைரியமாக இருங்கள்” என்று முடித்துவிடாதீர்கள். வாழ்ந்து என்ன பயன் என்பது போல் பேசினால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.

மருந்து வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். அந்த இடைவெளியில்தான் பலர் வேலையை இழக்கிறார்கள். அதுவரை ஒரு நேரத்தில் ஒரே வேலை, வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில் குறிப்பு, இரவு ஷிப்ட் இல்லை, வாரம் ஒரு தடவை 15 நிமிடச் சந்திப்பு. லீவு முடிந்து வரும்போது முதல் இரண்டு வாரம் அரை நாள் போதும். அவர் சொன்னதை, அவர் சம்மதமில்லாமல் குழுவில் யாரிடமும் சொல்லாதீர்கள்.

கேள்வி: இன்சுலின் போடுகிறேன். வேலை மும்முரத்தில் சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுங்குகிறது. ஒரு தடவை எந்த ஸ்விட்ச் என்றே தெரியாமல் நின்றுவிட்டேன்.

பதில்: அது சர்க்கரை இறங்கியதன் அடையாளம். நடுக்கம் தொடங்கியதும் இயந்திரத்தை நிறுத்துங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை, மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து குடித்து 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். எண் சரியானதும் மூளை முழுதாகத் தெளிய இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை வண்டியும் ஓட்டாதீர்கள், இயந்திரத்தையும் இயக்காதீர்கள். இது மாதத்தில் ஓரிரு தடவைக்கு மேல் வந்தால் இன்சுலின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டும், ஷிப்ட் நேரத்தை எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பக்கத்து இயந்திரத்தில் இருப்பவர் ஒருவருக்காவது உங்களுக்கு இன்சுலின் உண்டு என்பது தெரிந்திருக்கட்டும். குளுக்கோஸ் பொட்டலம் லாக்கரில் இருக்க வேண்டாம். நிற்கும் இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.